எந்தத் தோட்டம், ஐயா?



பயண அனுபவம் ஒன்றை இலக்கியத்தோடு சேர்த்துப் பேசும்படி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டார். இத்தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் காசிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போய்வந்தவர்கள். நான் போனதோ பதுளையிலிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரம், யால வனத்துக்கு. அதுவும் இரண்டே தடவை. முதற்பயணம் 2010ஆம் ஆண்டில், திருமணமாகி நான்காம் மாதத்தில். இரண்டாவது 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். இரண்டு முறையும் நானும் என் மனைவியும் மட்டுமே.

இடையில் பதினான்கு ஆண்டுகள். பதினான்கு ஆண்டு என்றதும் தமிழாசிரியனுக்கு வனவாசம் நினைவுக்கு வருவது இயல்பு. எங்கள் கதை தலைகீழானது. பதினான்கு ஆண்டுகள் நாட்டில் இருந்துவிட்டு மூன்று நாள் வனத்துக்குப் போனோம். போனதற்குக் காரணம் சிறுத்தையோ யானையோ அல்ல. முதற்பயணத்தில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் தவறான விடை சொல்லியிருந்தேன். வகுப்பறையில் பிறர் விடைகளைத் திருத்துவதே என் தொழில். என்னுடைய அந்த விடை திருத்தப்படாமலே கிடந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2009இல் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அச்சமின்றித் தெற்கே போகலாம் என்ற எண்ணம் மெல்லத் துளிர்த்த காலம். பாடசாலையில் உடன் கற்பித்த நண்பர்கள் சேர்ந்து கல்யாணப் பரிசாக ஒரு தொகை கொடுத்தார்கள். "கதிர்காமம் போய்க் கும்பிட்டுவிட்டு, யாலவில் ஓர் இரவு தங்கி வாருங்கள்" என்பது அவர்களின் கட்டளை.

புத்தலையிலிருந்து கதிர்காமம் செல்லும் காட்டுவழியில் பஸ் நின்றது. நடுவீதியில் ஓர் அலியன் யானை. கொம்பில்லாத ஆண் யானையை நம் நாட்டில் அப்படித்தான் சொல்கிறோம். இலங்கை ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. கதிர்காமத்துக்குப் போகிறவர்கள் பூசைத்தட்டுப் பழங்களோடு வருவார்கள் என்பது அந்த வீதி யானைகளுக்குத் தெரியும். ஜன்னல் வழியே துதிக்கை வந்தது. முருகனுக்கென்று வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தில் பாதி போயிற்று. நான் தயங்கினேன். மனைவி சிரித்துக்கொண்டே, "அண்ணனுக்குக் குடுத்தா தம்பி கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். பஸ் முழுவதும் சிரித்தது. அந்தப் பயணத்தின் நல்ல நினைவு அது.

மறுநாள் அதிகாலையில் ஜீப் வண்டியில் வனத்துக்குள் போனோம். யாலவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். சிறுத்தையைப் பார்க்க வேண்டும். சிங்கமும் வரிப்புலியும் இல்லாத இந்தத் தீவில் அதுதான் காட்டுக்கு அரசன். "பாறையில் சிறுத்தை" என்று எங்கோ ஒரு செய்தி கிடைத்ததும் எங்கள் சாரதி வண்டியைப் பறக்கவிட்டார். நாலாபக்கமிருந்தும் ஜீப்புகள் பாய்ந்து வந்தன. செம்புழுதி எழுந்தது. முப்பது வண்டிகளுக்கு நடுவே, புதருக்குள் மறையும் ஒரு வாலின் நுனியைப் பார்த்தேன். பார்த்தேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். மனைவி அதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை விடுதியில்தான் அந்தக் கேள்வி வந்தது. களப்பை நோக்கிய விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் வெளிநாட்டார். மேசை, கதிரை, வெள்ளைத் துணி எல்லாமே எனக்குப் புதியவை. தேநீர் கொண்டுவந்த இளைஞனுக்கு இருபது வயதுதான் இருக்கும். மனைவி என்னிடம் ஏதோ சொன்னது அவன் காதில் விழுந்தது. மலையகப் பேச்சை மலையகத்தான் அரைச் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுவான். தட்டை வைத்துவிட்டு, முகமெல்லாம் மலர, தாழ்ந்த குரலில் கேட்டான்:

"நீங்க எந்தத் தோட்டம், ஐயா?"

நான் சொன்னேன்: "பதுளை டவுன்."

நேயர்களே, நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயக் காம்பராவில். பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்த கைகள்தான் எனக்கு எழுதுகோல் வாங்கித் தந்தன. பதுளை நகரில் அப்போது எனக்கு இருந்ததெல்லாம் ஒரு வாடகை அறை. அந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் அதைச் சொல்ல என் நாவு எழவில்லை.

அவன் முகம் அடங்கிற்று. "சரிங்க, சேர்" என்றான். ஐயா, சேர் ஆகிவிட்டார். அதன் பின் நாங்கள் புறப்படும்வரை அவன் எங்களோடு தமிழில் பேசவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மட்டும், மற்ற விருந்தினரிடம் பேசுவது போலவே பேசினான். திரும்பி வரும் வழியில் வெல்லவாய தாண்டியபோது மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் பையன் நம்மகிட்ட கடன் ஒண்ணும் கேக்கலியே." அவ்வளவுதான். கோணக்கலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அதை எங்கும் மறைத்தவளும் அல்ல.

இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் படித்தவற்றுள் மூன்று செய்திகள் யாலவை மறுபடி மறுபடி நினைவூட்டின.

முதலாவது, பதுளை நகரின் நடுவிலேயே இருப்பது. பரிசுத்த மார்க்கு ஆலயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்த காலம் அது. அன்று ஊவா மலைகளும் யானைக்காடுதான். கோப்பித் தோட்டத்துக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் காடு வெட்டப்பட்டது. துப்பாக்கி துரைமாரிடம் இருந்தது. கோடரி யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. யானைகள் இறங்கிப் போன மலையில் நம் மூதாதையர் ஏற்றப்பட்டார்கள். இரு சாராரையும் யாரும் கேட்டுச் செய்யவில்லை.

இரண்டாவது, தியத்தலாவையிலிருந்து யாலவுக்குப் போன ஒரு மனிதரின் கதை. தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்ட போயர்களில் சுமார் 5,000 பேரை 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவை முகாமில் கைதிகளாக வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும், ஆங்கில முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் மறுத்துவிட்டார். ஊர் திரும்ப முடியாத அவரே பிற்காலத்தில் யாலவின் முதல் வனக்காவலரானார். முதலாம் உலகப் போரில் எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையிலும் அடைத்தார்கள். சென்னையில் குண்டு போட்டு, தமிழுக்கு ஒரு சொல்லையே தந்துவிட்டுப் போன அதே எம்டன்தான். அந்தப் பழி பொய்யென்பது, 1922இல் அவர் இறந்த பிறகே தெளிவாயிற்று.

நாடற்ற ஒரு மனிதர் காட்டைக் காத்த கதை இது. இதைப் படித்தபோது என் பாட்டனாரை நினைத்தேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது, அப்படியே இறந்தார். என் தந்தையார் பிரஜையானது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அந்தப் பத்திரத்தை அவர் பித்தளைப் பெட்டியில், சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். எங்கல்பிரெக்ட் தாம் யார் என்பதை மறுக்க மறுத்து ஊரையே இழந்தார். நான் ஒரு கோப்பைத் தேநீருக்கு முன்னால் என் ஊரை மறுத்தேன்.

மூன்றாவது, யானைகளைப் பற்றிய ஆராய்ச்சிச் செய்தி. வயல்களில் புகுந்து தொல்லை தருகின்றன என்று பிடித்து, தொலைவிலுள்ள காடுகளில் கொண்டுபோய் விட்ட ஆண் யானைகளுக்குக் கழுத்தில் கருவி கட்டி இலங்கையில் ஆராய்ந்தார்கள். சில யானைகள் பிடிபட்ட இடத்தை நோக்கியே திரும்பி நடந்தன. சில புது இடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தன. விட்ட இடத்தில் அமைதியாகத் தங்கியவை குறைவு. தன் இடம் எதுவென்பது யானைக்கு அவ்வளவு திட்டமாகத் தெரிகிறது.

2024 ஜூன் மாதத்தில் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். இம்முறை முதலில் உடவளவைக்குப் போனோம். வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் உருவான தேசிய பூங்கா அது. தாயை இழந்த யானைக்குட்டிகளுக்காக 1995ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு பராமரிப்பு நிலையம் இயங்குகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குட்டிகள் வரிசையாக ஓடிவந்து பால் குடிக்கின்றன. பார்வையாளர் தொட முடியாது. தள்ளி நின்றே பார்க்க வேண்டும். மனிதரோடு ஒட்டிவிடாமல் வளர்த்து, மீண்டும் காட்டிலேயே விடுவது அவர்களின் நோக்கம். ஒரு குட்டிக்கு முன்கால் ஒன்று இல்லை. செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதயும் காட்டுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

உடவளவையிலிருந்து யாலவுக்குப் போகும் வழியெல்லாம் மின்வேலிகள். வயல்களின் ஓரத்தில், மரக்கிளைகளில் கட்டிய சிறு குடில்கள். இரவு முழுவதும் விழித்திருந்து யானையை விரட்டுவதற்கான காவற்பரண்கள் அவை. உயர்தர வகுப்பில் குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போது, தினைப்புனத்தைக் காக்கும் மகளிரைப் பற்றியும், பரண் மீதிருந்து யானையை விரட்டும் கானவனைப் பற்றியும் எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்! கிளி கடிந்த பெண்ணின் காதலையே விளக்கினேன். பரணில் இருப்பவனின் தூக்கத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 5,879 யானைகள். 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தப் போராட்டத்தில் மாண்டிருக்கிறார்கள். மாண்ட மனிதர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். சங்கப் புலவர் கண்ட பரண் இன்னும் இறக்கப்படவில்லை.

யாலவுக்குள் நுழைந்தபோது சாரதியிடம் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நாங்கள் இருவரும் பேசும் சிங்களத்தில் அவளுடையதே திருத்தமானது. "சிறுத்தை தேவையில்லை. கூட்டமில்லாத ஓரிடத்தில் நிறுத்துங்கள், போதும்." அவர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். பின் சிரித்து, ஒரு சிறு குளத்தின் அருகே மர நிழலில் வண்டியை நிறுத்தினார்.

அது பாலை மரம். பாலைத் திணை, பாலைத் திணை என்று வாய் ஓயாமல் கற்பித்தவன் நான். வன்னியில் பழத்துக்குப் பேர்போன நமது பாலை மரத்தின் கீழ் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன். ஜூன் மாதம் அதன் பழக்காலம். சிறிய மஞ்சள் பழங்கள் கொட்டிக் கிடந்தன. கரடிகள் மரமேறி உண்ணும் பருவம் அது. பழைய பாடல்களில் பாலைநிலக் கரடி இருப்பைப் பூவைத் தின்னும். யாலவின் கரடி பாலைப் பழத்தையே தின்கிறது. "சுட்டெரிக்கும் நிலம்" என்று மட்டும் குறிப்பு எழுதக் கொடுத்த மாணவர்களை நினைத்து வெட்கப்பட்டேன். இலையடர்ந்த நிழலும் இனிப்பும் அங்கே இருந்தன.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மயில் ஒன்று வந்தது. காட்டெருமைகள் சேற்றில் அசையாமல் கிடந்தன. பிறகு, எந்த ஓசையும் இல்லாமல் மரங்களுக்கிடையே ஏழு யானைகள் தோன்றின. முன்னே ஒரு முதிய பிடி. அதன் பின்னே இளம் பிடிகளும் கன்றுகளும். தண்ணீர் குடித்தபின் மண்ணை அள்ளி முதுகில் இறைத்துக்கொண்டன. மிகச் சிறிய கன்று தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றது. "பாருங்க, வெயிலு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமா அம்மா நகருது" என்றாள் மனைவி. ஆமாம். கன்று நிழலை விட்டு வெளியே வராதபடி தாய் மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுக்குத்தான் அது தெரிந்தது. எனக்கு, சொன்ன பிறகே தெரிந்தது.

அந்த வனத்தினூடாகத்தான் மாணிக்க கங்கை ஓடுகிறது. கதிர்காமத்தில் நாம் நீராடும் அதே ஆறு. நமுனுகுல மலைப்பக்கத்து ஊவாச் சரிவுகளிலிருந்து இறங்கி, கதிர்காமத்தைக் கடந்து, யாலவினூடே சென்று கடலில் கலக்கிறது. தேயிலைக் கொழுந்தில் விழுந்த மழையின் ஒரு பங்கு இங்கே யானைக்குத் தண்ணீர். மலையிலிருந்து இறங்கிப்போன யானைகளுக்கு அந்த ஆறு இன்றும் வழி தவறாமல் நீர் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 1900ஆம் ஆண்டில் காப்பகமாகி, 1938இல் வில்பத்துவோடு சேர்ந்து நாட்டின் முதல் தேசிய பூங்காக்களில் ஒன்றான யாலவை, அதற்குமுன் நான் வேறோர் உலகமென்றே நினைத்திருந்தேன்.

பழைய விடுதியில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. திஸ்ஸமஹாராமைக்கு அருகே வேறொரு சிறு விடுதியில் தங்கினோம். சொன்னால் சிரிப்பீர்கள், பதினான்கு ஆண்டுகளாக நான் ஒரு விடையைத் தயாரித்து வைத்திருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று முதல் நாள் மாலை காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில், உணவு பரிமாறிய இளைஞன் ஒருவன் சமையலறைப் பக்கம் திரும்பி யாரிடமோ, "இந்தா வர்றேன், செத்த பொறு" என்றது காதில் விழுந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் மேசைக்கு வந்ததும் நானே கேட்டேன்.

"தம்பி, எந்தத் தோட்டம்?"

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பதுளை டவுன், சேர்."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கும் ஆற்றல் எனக்கு இல்லை.

நான் சொன்னேன்: "நான் ஸ்பிரிங்வெளி, தம்பி. மேல் கணக்கு. எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பெரிய பலாமரம். அம்மா கொழுந்துக்குப் போனவங்க. இவங்க கோணக்கலை."

அவன் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின், "மடுல்சீமைங்க, ஐயா" என்றான். சேர், ஐயா ஆகிவிட்டார். அதன் பிறகு அவன் பேச்சை நிறுத்த முடியவில்லை. சாதாரண தரத்தில் தமிழுக்கு நல்ல பெறுபேறு வந்தது, கணிதம் தவறியது, தங்கை படிக்கிறாள், அம்மா இன்னும் மலைக்குப் போகிறார் என்றெல்லாம் சொன்னான். நாங்கள் புறப்படும்போது அவனே பையைத் தூக்கிவந்து வைத்தான். நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "தங்கச்சிக்கு ஒரு தமிழ் அகராதி அனுப்புங்க, ஐயா" என்றான். முகவரி எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே அனுப்பினேன்.

திரும்பும்போது கதிர்காமத்தில் கும்பிட்டுவிட்டு, புத்தலை வழியாகவே வந்தோம். இம்முறையும் ஒரு யானை வீதியோரம் நின்றது. பஸ்ஸில் சிலர் பழத்தை எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. பழக்கப்பட்ட யானை வண்டிகளைத் துரத்தும். ஒருநாள் அதுவே அதற்குக் கேடாகும் என்று உடவளவையில் கேட்டறிந்திருந்தோம். காட்டை உடையதை வீதியில் கையேந்த வைக்கலாகாது. "தம்பிக்கு முழுசா குடுத்தாச்சு. அண்ணன் காட்டுலயே சாப்பிடட்டும்" என்றாள் மனைவி.

நேயர்களே, சிறுத்தையை இரண்டாம் முறையும் நாங்கள் பார்க்கவில்லை. வாலையும் பார்க்கவில்லை. அதைப் பற்றிக் கவலையில்லை. என் கவலை வேறு. முதல் இளைஞனுக்கு இன்று முப்பத்தைந்து வயதளவில் இருக்கும். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எங்காவது ஒரு வானொலிப் பெட்டிக்கு அருகில் இருக்கலாம். அவருக்காகவும் இதைச் சொல்கிறேன்.

தம்பி, அன்று கேட்டீர்கள் அல்லவா? ஸ்பிரிங்வெளித் தோட்டம்.